பூட்டுக் கடைக்குள் புகுந்த சிலந்தி

இணையதளம் செய்து கொடுப்பவனுக்கு இரண்டு மாமியார்கள். ஒருவர் கடைக்காரர், பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இன்னொன்று தேடுபொறி; அதற்குக் கண்ணே கிடையாது, எழுத்து இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்க்கும். இருவரையும் ஒரே சமையலில் திருப்திப்படுத்தப் போய் நொந்தவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் திண்டுக்கல்லில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவன். ஆள் வரத்து நின்றதும் அதே மேசைகளில் கம்ப்யூட்டரை வைத்து, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன். நான் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்பார்கள் என் வீட்டில். எந்தப் பாதி என்று நான் சொல்வதில்லை.

பெயரில்லாத கடை

முதலில் மாட்டியவர் பூட்டுக் கடை அருளானந்தம். என்னிடம் டைப்ரைட்டிங் லோயர் எழுதி இரண்டு முறை பெயிலானவர்; அதனால் கடைசிவரை என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிட்டார். பூட்டு விற்றே வளர்ந்த மனிதர். மாதா கோயிலில் எல்லாரும் பீடத்தைப் பார்த்து முழந்தாள் போட்டால், இவர் மட்டும் வாசலில் விட்ட செருப்பைப் பார்த்து முழந்தாள் போடுவார்.

அவர் கேட்டது இதுதான். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் தங்க நிறத்தில் ஒரு மாங்காய்ப் பூட்டு. ஒரு சாவி மெல்ல நடந்துவந்து நுழைந்து திரும்ப, பூட்டு திறந்து, உள்ளே ஒரு போன் நம்பர். கடைப் பெயர்கூட வேண்டாம். காரணம் எதிர்க்கடை. எதிர்க்கடைக்காரர் அவருடைய சொந்தத் தம்பி சூசை. அப்பா இறந்தபின் வியாபாரத்தைப் பிரித்துக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. பூட்டின் அளவு, வகை நாலு வரி எழுதலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"எழுதி வச்சா மொதல்ல யாரு படிப்பான்? அவன்தான். வேணுங்கறவன் போன் பண்ணட்டும் வாத்தியாரே, வேணாங்கறவனுக்கு எதுக்கு வெவரம்?"

யார் அனுப்பிய சிலந்தி

பூட்டு அழகாகத்தான் திறந்தது. திறப்பதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மூன்று மாதம் கழித்து முகம் வெளிறி வந்து நின்றார். கேரளாவில் லாட்ஜ் வைத்திருந்த அவருடைய பழைய வாடிக்கையாளர் ஓய்ந்துபோய், மகன் பொறுப்பேற்றுவிட்டார். புதிதாகக் கட்டிய அறுபது அறைக்கும் பூட்டு வேண்டும். அறுபதையும் திறக்க ஒரே மாஸ்டர் சாவி வேண்டும். அப்பா சொல்லும் கடையில் வாங்க மாட்டேன், கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்கிறாராம் மகன். அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் கிறிஸ்துமஸ் வரை வேலை. தவறினால் நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இருவரும் உட்கார்ந்து தேடினோம். முதலில் வந்தது சூசையின் தளம். ஒரு படம் இல்லை, பரீட்சைப் பேப்பர் மாதிரி முழுக்க எழுத்து. எங்கள் தங்கப் பூட்டு எட்டாம் பக்கம் வரை கண்ணில் படவில்லை. தேடுபொறி ஒரு சிலந்தியை அனுப்பும், அது ஒவ்வொரு தளத்துக்குள்ளும் நுழைந்து எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும், படம் அதற்குத் தெரியாது என்று விளக்கினேன். சும்மா இருக்க மாட்டாமல், அதற்கு எட்டுக் கால், ஒவ்வொரு காலும் ஒரு நாடு என்றும் சேர்த்துவைத்தேன். அருளானந்தம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாம என் கடைக்குள்ள பூந்து படிக்குதா? யாரு அனுப்புன சிலந்தி அது, சூசையா?"

கறுப்பில் கறுப்பு

எழுத்து இருக்க வேண்டும். ஆனால் தம்பி கண்ணில் படக் கூடாது. அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் ஒரு திருட்டு வேலை உண்டு. கறுப்புத் திரையில் கறுப்பு மையால் எழுதிவிடுவது. மனிதனுக்குத் தெரியாது, சிலந்திக்குத் தெரியும். பார்க்காமல் தட்டுவதை ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் என்ற திமிரில், திண்டுக்கல் பூட்டு, உறுதியான பூட்டு, மொத்த விலையில் பூட்டு, லாட்ஜுக்குப் பூட்டு என்று தமிழையே ஆங்கில எழுத்தில் நாற்பது வரி தட்டினேன். சரிபார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சரிபார்ப்பது?

அருளானந்தம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து, அங்குலம் அங்குலமாகத் தேடினார்.

"ஒண்ணுமே தெரியல. ரொம்ப நல்லாருக்கு."

பூட்டு மார்க்

பத்து நாளில் போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் கேரளாவிலிருந்து. அருளானந்தம் குஷியாக எடுப்பார், எடுத்த வேகத்தில் முகம் கோணும். ஒருவர் பத்து மூட்டை கேட்டார். ஒருவர் சிவப்பரிசியா வெள்ளையா என்றார். மூன்றாவது ஆள் விவரமாகவே பேசினார்: உங்கள் பூட்டு மார்க் புட்டுப் பொடிக்கு எங்கள் ஊரில் ஏஜென்சி தருவீர்களா?

இது தம்பி வேலை என்று அருளானந்தம் முடிவுகட்டிவிட்டார். சின்ன வயதில் ஏசு பாடுபட்ட கதையைப் போடும் பாஸ்கு நாடகத்தில் பெண் வேஷம் கட்டியவனாம் சூசை, எந்தக் குரலும் வருமாம். நான்காவது போன் வந்ததும் ரோட்டைக் கடந்து போய், ஊர் கேட்க ஏசினார். சூசை அளவுநாடாவைக் கீழே வைக்கவே இல்லை.

"எனக்குப் புட்டு வேணும்னா மதினிகிட்டக் கேட்டு வாங்கித் தின்னுட்டுப் போறேன். உனக்கு எதுக்குண்ணே போன் போடுறேன்?"

அறுபது

மறுநாள் நான் கடையில் இருக்கும்போதே ஐந்தாவது போன். மலையாளம் கலந்த தமிழ், இரைச்சலான லைன். அறுபது வேண்டும், எப்போது கிடைக்கும் என்றது குரல். எது அறுபது என்று இவர் கேட்க, அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் இவர் காதில் 'புட்டு' என்றுதான் விழுந்தது. கூட வாழைப்பழமும் அனுப்பவா என்று கேட்டுவிட்டுப் படாரென்று ரிசீவரை வைத்தார். அதில் ஒரு மூலை உடைந்தது. இன்றும் அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது என்றால் நம்பவா போகிறீர்கள்.

அரை மணியில் லாட்ஜ் பெரியவரே கூப்பிட்டார். திண்டுக்கல், லாட்ஜ் என்று தேடி எடுத்த நம்பரில் மகன் மரியாதையாகத்தானே பூட்டு கேட்டான், வாழைப்பழம் எதற்கு என்றார். கம்ப்யூட்டருக்கு ஓடி, பக்கம் முழுவதையும் மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். ஒளிந்திருந்த நாற்பது வரியும் நீலத்தில் பளிச்சென்று எழுந்தன. இரண்டு 'ஓ' போட வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரே ஒரு 'யு'. திண்டுக்கல் புட்டு, உறுதியான புட்டு, லாட்ஜுக்குப் புட்டு. சிலந்தி சில சமயம் எழுத்தை மாற்றிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அருளானந்தம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பட்டறைப் பக்கம் திரும்பி எட்டுப் பேரையும் ஒரு முறை எண்ணினார்.

"லோயர்ல என்னைய ரெண்டு தடவ பெயிலாக்குனது நீங்கதானே வாத்தியாரே?"

நேரில் வந்தவர்

ஆர்டர் சூசைக்குப் போயிருக்கும் என்று இரண்டு நாள் அருளானந்தம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் லாட்ஜ்காரரின் மகன் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். முப்பது வயது, கையில் ஒரு பை. ரோட்டு ஓரமாக நின்று இரண்டு கடையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரியும். இங்கே அவமானப்பட்டதும் அவர் எதிரே சூசையின் கடைக்குத்தான் பேசியிருக்கிறார். சூசை, ஏசியது போதாமல் அண்ணன் இப்போது மலையாளத்தில் ஆள் பிடித்துக் கேலி செய்கிறான் என்று நினைத்து, சற்று நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு அவரும் வைத்துவிட்டார்.

அண்ணனும் தம்பியும் அவரவர் படியில் நின்றார்கள். நடந்த புட்டுக் கதையை நான்தான் சொல்லித் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொன்னதில் பாதியைக் கழித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு இரண்டு கடையிலும் ஒவ்வொரு பூட்டை வாங்கி, ஆட்டி, காதில் வைத்துக் கேட்டார். இரண்டும் ஒரே அப்பாவிடம் கற்ற கை, வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் அருளானந்தத்தின் பக்கம் திரும்பினார்.

"அறுபது ரூம் தொறக்குற சாவி, அதோட அச்சு உங்க கையிலல்லே இருக்கும்? போன்ல ஆரு கேட்டாலும் லேசுல நம்பாத ஆளு வேணும் எனக்கு. தம்பி செத்த நேரம் கேட்டுட்டுத்தான் வெச்சாரு. நீங்க கேக்கவே இல்லல்லோ."

அழகுக்கும் தேடுபொறிக்கும் நடுவில் சமரசம் செய்து தருவதாகச் சொல்லியே அதற்குப் பிறகும் பல வருடம் பிழைத்தேன் என்றாலும், அந்த எட்டுப் பேரின் கிறிஸ்துமஸைக் காப்பாற்றியது ஒரு மனிதர் போனை வைத்த வேகம்தான் என்பதை மட்டும் எந்த வாடிக்கையாளரிடமும் நான் மூச்சுவிட்டதில்லை.