நானே பதிவு செய்த டிரங்க் கால்

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் இருந்த என் பாத்திரக்கடைக்கு விழுப்புரத்தில் ஒரு கிளை திறந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கே சாப்பிட உட்கார்ந்தால், அங்கே என்ன நடக்கிறதோ என்ற நினைப்பில் பிசைந்த சோறு அப்படியே கிடக்கும்.

கிளையைப் பார்த்துக்கொண்டவர் என்னிடம் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர். குடத்தைக் கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார். அவரிடம் சாவியைக் கொடுத்தேனே தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. பழைய பித்தளையைப் போட்டு எவர்சில்வர் எடுக்க யார் வந்தாலும், பித்தளைக்கு நான்தான் விலை சொல்ல வேண்டும். கிளையில் போன் கிடையாது. மூன்று கடை தள்ளியிருந்த மருந்துக்கடைக்கு எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பதிவு செய்து, லைன் கிடைத்ததும் அவரைக் கூப்பிடச் சொல்வேன். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை.

"வெலய மட்டுமாவது என்கிட்ட வுடுங்க மொதலாளி. இல்லன்னா இந்த மாசத்தோட நின்னுக்கறேங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். பார்க்கலாம் என்று மழுப்பினேன். அவர் போனால் கிளையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

ஆவணி முகூர்த்த சமயம். காலையில் பதிவு செய்த கால் பதினோரு மணியாகியும் கிடைக்கவில்லை. போனை முறைத்து முறைத்துக் கடுப்பாகி, மனைவியைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். விழுப்புரத்தில் இறங்கியவன் நேராகக் கடைக்குப் போயிருக்கலாம். எதிர் டீக்கடையில் தூண் மறைவாக உட்கார்ந்தேன். சொந்தக் கடையையே வேவு பார்த்த புத்தியை என்னவென்று சொல்ல.

கடையில் முகையூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்தது. கூடவே ஒரு மூட்டைப் பித்தளை. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, திண்டிவனம் காலு. ஜல்தி வாங்க."

நான்தான் இங்கே இருக்கிறேனே, அங்கிருந்து யார் கூப்பிடுவது என்று விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. காலையில் பதிவு செய்த காலை நான் ரத்து செய்யவே இல்லை.

பித்தளையை அப்படியே வைத்துவிட்டு அவர் போன் பேசப் போனார். பெண்ணின் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பித்தளையை மூட்டையில் அள்ளிப் போட்டாள். குடும்பமே படியிறங்கி அடுத்த பாத்திரக்கடையைப் பார்த்து நடந்தது. ஓடிப்போய்த் தடுக்கலாமென்றால், என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது? வெட்கம் காலைக் கட்டிப்போட்டது.

அவர் திரும்பி வந்து காலிக் கடையைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். என்னவோ பேசி, மூட்டையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு எல்லோரையும் திரும்ப அழைத்து வந்தார். ஒரு மணி நேரத்தில் வியாபாரம் முடிந்தது. கூடவே ஒரு குங்குமச் சிமிழை இனாமாகவும் கொடுத்தார். எதற்கும் என்னைக் கேட்கவில்லை.

அப்புறம் ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"திண்டிவனத்துல போனை உங்க வீட்டம்மாதாங்க எடுத்தாங்க. நீங்க பஸ்ஸு ஏறிட்டீங்கன்னு சொன்னாங்க. திரும்பி வரும்போதே உங்கள இங்க பாத்துட்டேங்க."

"அப்பவே ஏன் கூப்புடல?"

"கூப்ட்டா வெல நீங்க சொல்ல வருவீங்க. அதுக்குள்ள அவங்க போய்டுவாங்க." சாவியை பெஞ்சில் வைத்தார். "இன்னிக்கு நானே வெல சொல்லிட்டேங்க. தப்புன்னா எடுத்துக்குங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கை சாவிப் பக்கம் போகக்கூடப் போனது. அதைத் தொட்டால் இந்த மனிதர் திரும்பி வரமாட்டார் என்று நினைத்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

"எடுத்துக்கினு போ. இனிமே வெலய நீயே சொல்லு" என்றேன்.

சொன்ன சூட்டோடு மருந்துக்கடைக்குப் போனேன். "இனிமே நான் கூப்ட்டாலும் அவரக் கூப்புடாத. வேலையா இருக்காருன்னு சொல்லிட்டு வச்சுடு."

இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள், சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கூடுதல் காசு கட்டி அர்ஜெண்ட் கால் போட்டேன்.

"அவரு வேலையா இருக்காருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"யோவ், நான்தான்யா பேசறேன்."

"தெரியுதுங்க. நீங்கதான சொன்னீங்க."

வைத்துவிட்டார். நான் எழுந்து போய், ஒழுங்காக அடுக்கியிருந்த குடங்களையெல்லாம் இறக்கி மறுபடியும் அடுக்க ஆரம்பித்தேன்.