வாசுகியின் குசினியை யார் வரைந்தது?

தளபாடங்களைக் கையால் வரைந்து செய்வது நல்லதா, கொம்பியூட்டரில் டிசைன் செய்வது நல்லதா? அண்மைக்காலம் வரை என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ‘கைதான்’ என்றிருப்பேன். இப்போது கொஞ்சம் யோசிப்பேன்... காரணம் வாசுகி.

வாசுகி என்னோடு படிப்பிக்கும் கணித ஆசிரியை. வீடு சண்டிலிப்பாயில். மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றுக்குப் பிறகு கால்கள் அசைவதில்லை. சக்கர நாற்காலிதான். அதோடேயே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் தன் குசினிக்குள் மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுப்பு எட்டாது. அலுமாரியும் எட்டாது.

“நான் சமைக்கிறன்தானே, உமக்கேன் இந்த வில்லங்கம்?” என்றார் கணவர் சிவம். நல்ல மனுஷன். அன்பாகத்தான் சொன்னார்.

“கால்தான் ஏலாது. சமைக்கவுமா ஏலாது? எனக்கு என்ரை குசினி வேணும்.”

அவ்வளவுதான். அடுத்த கிழமையே வாசுகியும் நானும் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், குசினி அலுமாரிகள் செய்யும் கடையொன்றில் நின்றோம். டிசைன் செய்யும் தர்சிகா, அறையின் அளவுகளைத் தட்டினாள். திரையில் ஒரு குசினி எழும்பியது. பளபளவென்று... விளக்குக்கூட எரிந்தது!

வாசுகி உற்றுப் பார்த்தாள். “வடிவாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா உதுக்குள்ளை நான் எங்கை? மேடைக்குக் கீழை முழுக்க இழுக்கிற லாச்சி. என்ரை முழங்கால் எங்கை போகும்?”

தர்சிகாவின் முகம் சுருங்கியது. “நிண்டு சமைக்கிற ஆக்களுக்குத்தான் செய்து பழக்கம், ரீச்சர். உங்களுக்கு எந்த உயரம் சரிவரும் எண்டு தெரியேல்லை.”

“எனக்கும் தெரியாது. வீட்டை வாரும், கண்டுபிடிப்பம்.”

சனிக்கிழமை தர்சிகா வந்தாள். வாசுகி குசினிச் சுவரோரமாக நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கையில் சோக்கட்டி. கையை முழுதாக நீட்டிச் சுவரில் ஒரு வளைவு போட்டாள் — அதற்கு மேலே எந்தத் தட்டும் வேண்டாம். முழங்கைக்கு நேரே ஒரு கோடு — அடுப்பு அங்கே. முழங்காலுக்கு மேலே இன்னொன்று — அதற்குக் கீழே வெறும் இடம்.

நான் உதவப் போனேன்.

“தள்ளி நில்லடி! என்ரை கை எட்டுற தூரம்தான் தெரியவேணும்.”

சோக்குத் தூள் தலைமயிரெல்லாம். ஆனாலும் விடவில்லை.

“பாத்தியளே, கைதான்!” என்றேன், வெற்றிக் களிப்பில்.

தர்சிகா கோடுகளை அளந்து, லப்டொப்பில் ஏற்றினாள். இம்முறை சக்கர நாற்காலியையும் வரைந்து, திரையில் உருட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

“ரீச்சர், பிரிட்ஜ் அந்த மூலையிலை நிண்டா அடுப்படியிலை உங்களாலை திரும்பேலாது. கொதிக்கிற சட்டியோடை போய் இடிபடுவியள்.”

சுவரையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் தரை ஞாபகம் வரவேயில்லை. பிரிட்ஜ் அன்றே விறாந்தைக்குப் போனது.

யார் புழங்கப் போகிறார் என்று கேளாமல் வரைந்தால் பென்சிலும் பொய் சொல்லும், சொஃப்ட்வெயரும் பொய் சொல்லும். சொஃப்ட்வெயர் கொஞ்சம் வடிவாகச் சொல்லும் — அவ்வளவுதான் வித்தியாசம்!

புதுக் குசினி முடிந்து, போன ஞாயிறு வாசுகி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். முழங்கால்கள் மேடைக்குக் கீழே, சட்டி கைக்கு நேரே. கத்தரிக்காய்ப் பால்கறி வாசலுக்கே மணத்தது. பக்கத்தில் சிவம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி.

“மேடை நல்லா உயரம் குறைஞ்சு பதிவாப் போச்சு. எனக்கு நாரி நோகுது” என்று என்னிடம் முறையிட்டார்.

வாசுகி கறியைத் துழாவியபடி, திரும்பாமலே சொன்னாள்:

“குனிஞ்சு பழகுங்கோ!”