ஃபிரிட்ஜில் அக்கா வைத்த சேறு

திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்து, கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக உயர்ந்து, சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். கூடவே வாழ்ந்த தம்பி நான். எரிச்சல் இல்லாமல் எழுத வராது, மன்னிக்கவும்.

மழை பொய்த்த வருடங்களிலும் அய்யா அவரைப் படிக்க வைத்தார். படித்துவிட்டு அவர் சேறு அள்ளப் போனார். வைகை கடலில் சேரும் முகத்துவாரத்தில் குழாயை இறக்கி, சேற்றை அடுக்குக் குலையாமல் உருவி எடுத்து வருவார். காயக் கூடாது என்று குழாயோடு வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பார். மாவுச் சட்டிக்கு இடமில்லாமல் அம்மா அன்றன்றைக்கு மாவு ஆட்டினார். எனக்குப் பெண் தந்தவர்கள் முதன்முதலாக வந்த அன்று, குடிக்கக் கலர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்ததும் கூடமெல்லாம் சேற்று நாற்றம்.

கேட்டால் விளக்கம் சொல்வார். சேற்றில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிர்கள் உண்டாம். ஆற்று நீர் வந்த காலத்தில் ஒரு வகை, கடல் உள்ளே ஏறிய காலத்தில் வேறு வகை. செத்ததும் ஓடுகள் அப்படியே படிந்துவிடும். அவற்றை நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்தக் காலத்தில் ஆறு எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக மட்டும் நேரமிருக்காது.

நோய் முற்றிய பிறகும் அதே பிடிவாதம்தான். "ஏலே, எஞ் சாம்பல முகத்துவாரத்துல கொண்டுபோய்க் கரைச்சிராதீக. நாளைக்கு எவளாச்சும் சேறு எடுத்தா அதுவும் கலந்துக்கிட்டு வரும்" என்றார். சாகப்போகிறவர் பேசுகிற பேச்சா இது? எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காரியத்தன்று சித்தப்பா முகத்துவாரத்துக்குப் படகு பேசிவிட்டார். ஆயுள் முழுக்க அங்கேயே கிடந்த பிள்ளைக்கு அதுதான் நிம்மதி என்று வாதாடினார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அந்தச் சேற்றை நாள் தவறாமல் திட்டிய அம்மாதான் சாம்பல் கலயத்தைக் கையிலிருந்து விடவில்லை.

"வேணாம்ப்பா. அவ சேறு கெட்டுப்போயிரும்."

ராமேசுவரத்தில், ஊரார் எல்லோரும் கரைக்கிற இடத்தில் கரைத்தோம்.

நோயில் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், அலையிலும் வெயிலிலும் அக்காவை ஏற்றிப்போன படகுக்காரர்களுக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மீதிச் சேற்றுக் குழாய்களைப் பத்திரமாகக் கொண்டுபோன மாணவிகளுக்கும் நன்றி. ஃபிரிட்ஜில் சேறு இருந்த தட்டு இப்போது காலியாக இருக்கிறது. அம்மா அதில் எதையும் வைக்க விடுவதில்லை. மாவை இன்றும் அன்றன்றைக்குத்தான் ஆட்டுகிறார்.