ஜோவிதா கேட்காத கேள்வி

"தேர் திரும்புற எடத்துல காட்டெருமை நின்னுட்டு இருந்துச்சுன்னா?" என்று கேட்டாள் ஜோவிதா. கோயில் திருவிழாக் கூட்டத்தில் தலைவர் சில்வஸ்டர் அப்போதுதான் பவனி போகும் வழியை வாசித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் வாயில நல்லதே வராதா?"

"வராட்டி சந்தோசந்தானுங்க. வந்துச்சுன்னா என்ன பண்றதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கலாமில்லைங்க?"

பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் எனக்கு இது பழகிவிட்டது. குன்னூருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட, அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எங்கள் தெருவுக்குள் நுழைவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் பஸ் மலையேறும் வழியில் பர்லியார் வளைவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்துவிடுவாள். கேட்கும்போது ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டே இருப்பாள். அந்த ஸ்வெட்டருக்கு நுனி என்று இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

பகலில் டீ ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரத்தில் அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அது என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"புரோகிராம் எழுதறவங்களுக்கு முன்னாடி போற வேலைங்க அங்கிள். ஆளுங்க நெசமா எப்படி வேலை செய்றாங்க, எங்க எது தப்பும்னு கேட்டுக் கேட்டு, படம் போட்டுக் குடுக்கணும்."

அடக் கடவுளே, இதற்குச் சம்பளமும் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஆவி படிந்த ஜன்னல் கிடைத்தால் போதும், விரலாலேயே கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டுவிடுவாள்.

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்த் தண்ணீர். எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பது இங்கே வால்வு திறக்கும் வசந்தகுமாருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். ஜோவிதாவின் திட்டப்படி, முறை வருகிற தெருவுக்கு முந்தின நாளே போனில் செய்தி வந்துவிடும். வசந்தகுமாரும் தன் போன் காட்டுகிற வால்வைத்தான் திறக்க வேண்டும். கரண்ட் போனால், மோட்டார் எரிந்தால், மண் சரிந்து குழாய் உடைந்தால் எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. பேரூராட்சியிலும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். புராஜெக்டைப் பற்றி நேரில் கேள்வி கேட்கும் வைவாவில் தேறிவிட்டால் கோயமுத்தூரில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுப் பாப்பம்மாளின் கணவர் இறந்துபோனார். துக்க வீடு என்றால் முறை பார்க்காமல் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். யாரும் எழுதிவைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. அன்றைக்கு உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயில் வெறும் காற்று. அங்கேயே நின்றிருந்த ஜோவிதா போன் போட்டாள்.

"வசந்தண்ணா, தண்ணி ஏன் வரல?"

"பாப்பா, நீ போட்டதுலதான் உங்க தெருவுக்கு நாளான்னிக்குன்னு காட்டுது. அதப் பாத்துத்தான் தொறக்கோணும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"சாவு ஊடுங்கண்ணா! தொறந்து விடுங்க. கேட்டா என் பேரச் சொல்லுங்க."

தண்ணீர் வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தார் தங்கள் டிரம்மில் இருந்ததைத் தூக்கிவந்து குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பாப்பம்மாள் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜோவிதாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எல்லாங் கேட்டேன் அங்கிள். ஒரு ஊட்ல ஆள் செத்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு மட்டும் கேக்காம உட்டுட்டேன். நானெல்லாம் இந்த வேலைக்கு லாயக்கில்லீங்க" என்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவளை ஓயாமல் கிண்டல் செய்கிற நானே எழுந்துபோய் அவளுக்கு டீ போட்டேன். வைவாவுக்குப் போகப்போவதில்லை என்றவளை என் மனைவி ஈவ்லின்தான் அதட்டி அனுப்பிவைத்தாள். போகுமுன் ஜோவிதா திட்டத்தில் ஒன்றைச் சேர்த்தாள். துக்கம் என்று வசந்தகுமார் போனில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்தத் தெருவுக்கு உடனே தண்ணீர் திறந்துவிடலாம்.

தேர்வு நடத்த வந்திருந்தவர், ஓட்டிப் பார்த்தபோது எது தப்பாகப் போனது என்று கேட்டாராம். இவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் பேனாவை மூடிவைத்திருக்கிறார். பிறகு, "எங்க ஊர்லயும் இந்த வழக்கம் உண்டும்மா. நானா இருந்தாலும் இதக் கேக்காம விட்டிருப்பேன். போய் வேலைல சேரு" என்றாராம். அவள் போனில் இதைச் சொன்னதும் நானும் ஈவ்லினும் ஒரே குரலில் "அப்பாடா!" என்றோம். ஒரு மலையே தலையிலிருந்து இறங்கியது போல இருந்தது.

சாயங்காலம் கோயமுத்தூர் மைசூர்பாகுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். எங்களுக்குக் கொடுத்தாள், சில்வஸ்டருக்குக் கொடுத்தாள், வால்வடியில் நின்ற வசந்தகுமாருக்கும் கொடுத்தாள். பாப்பம்மாள் வீட்டுக்கு முன்னால் மட்டும் கால் நின்றுவிட்டது. அங்கே இன்னும் கருமாதிக் காரியம் ஆகவில்லை, இனிப்போடு போகக்கூடாது. பெட்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தாள். அதற்குள் பாப்பம்மாள் வெளியே வந்துவிட்டார்.

"பாஸாயிட்டியா கண்ணு?"

ஜோவிதா தலையை ஆட்டினாள். பாப்பம்மாள் துப்பட்டாவை விலக்கிப் பெட்டியை எடுத்துத் திறந்தார். ஒரு துண்டைப் பிட்டு, அழ ஆரம்பித்திருந்தவளின் வாயில் திணித்தார்.