விசாரிக்க வந்த ஒட்டகச்சிவிங்கி

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. சென்னை நிறுவனம் ஒன்றுக்காக, ஆரணியில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைச் செய்கிறேன். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்போது மீட்டிங் வந்தால் மைக்கை அணைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவேன். இதனால் எதற்கும் மறுப்புச் சொல்லாதவள் என்று அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர். கீழ்வீட்டில் நான் கம்ப்யூட்டர் படித்தவள். அதாவது பிரிண்டர், இன்வெர்ட்டர், மாமா புடவைப் படம் அனுப்பும் போன் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

அப்படித்தான் அந்த விளையாட்டும் என்னிடம் வந்தது. நான்காம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் டேப்லெட்டில் ஆடுவது. பிள்ளைகள் ஆளுக்கொரு விலங்காகி ஓர் இணைய ஊரில் சுற்றுவார்கள். வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், எதிரே வருகிறவர்களோடு எழுதிப் பேசலாம். பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இதைப் பற்றிக் குலைநடுங்கும்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்கள். அக்கா மாடியேறி வந்துவிட்டாள்.

"நீதான் இதெல்லாம் படிச்சவ. பாத்துச் சொல்லு. சரியில்லன்னா இன்னிக்கே அழிச்சிடறேன்."

அவளுக்குப் பின்னால் படியில் மகள் டேப்லெட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை அழித்தால் அவள் எதை இழப்பாள் என்று எனக்குத் தெரியும். முதல் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த தோழி, அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். போனில் பேசவைத்தால் இரண்டு பேரும் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு, எதிர்முனையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விளையாட்டுக்குள் மட்டும்தான் பழையபடி இருந்தார்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பட்டியல் எழுதாமல் காய் வாங்கக்கூடப் போகாதவள். எக்ஸெலைத் திறந்து தலைப்புகள் போட்டேன்: அந்நியர் பேச்சு, விளம்பரம், காசு கேட்கும் இடங்கள், கல்விப் பயன். ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. நிறம் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியைக்கூட விளையாட்டுக்குக் கொடுக்கவில்லை.

பிறகு ரகசியமாக ஒரு கணக்குத் தொடங்கினேன். சோதிக்கிறவர் யாரென்று தெரிந்தால் சோதனை கெட்டுவிடும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. விலங்குகளில் ஒட்டகச்சிவிங்கியைத் தேர்ந்தெடுத்தேன், உயரத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும் என்று. திரை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது குளத்துக்குள் விழுந்த பிறகு புரிந்தது. ஒரு கோழி வந்து கரையேற வழி காட்டியது. அதற்கு எப்படியும் ஏழு வயதுக்கு மேல் இருக்காது.

முதல் சோதனை, அந்நியர் பேச்சு. உன் வீடு எங்கே என்று அந்தக் கோழியிடமே ஆங்கிலத்தில் கேட்டேன். விளையாட்டு அந்த வாக்கியம் முழுவதையும் நட்சத்திரக் குறிகளாக்கிவிட்டது. பாதுகாப்பு பிரமாதம். பச்சை போட்டேன்.

குளக்கரை பெஞ்சில் ஒரு பச்சைப் பூனையும் வெள்ளை முயலும் உட்கார்ந்திருந்தன. பூனை எங்கள் வீட்டுப் பெண், முயல் பெங்களூர்த் தோழி என்பது அவள் ஆடும்போது எட்டிப் பார்த்ததில் தெரியும். இரண்டும் ஒன்றுமே செய்யவில்லை. நடுநடுவே பூனை ஒருமுறை குதிக்கும், அப்புறம் முயல் குதிக்கும். கல்விப் பயன் இல்லை என்று எழுதிச் சிவப்புப் போட்டேன்.

அப்போது பூனை என்னைப் பார்த்து ஹாய் சொன்னது. நானும் சொன்னேன். அதற்குமேல் சும்மா நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கம் அது மரியாதையில்லை. களம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, கண்டக்டர் வருவதற்குள் என் ஊர், வீடு, அப்பா தொழில், கல்யாணம் ஆகாத காரணம் வரை விசாரித்து முடித்துவிடுவார். நானும் ஒழுங்காகப் பதில் சொல்வேன். விசாரிக்காதவர்களைத்தான் திமிர் பிடித்தவர்கள் என்போம்.

எனவே விரல்கள் தாமாகவே, ஆங்கில எழுத்தில் தமிழாக, விசாரித்தன. எந்த ஊரு? பதில் இல்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று, என் வீட்டுப் பெண்ணிடமே, யாரு வூட்டுப் பொண்ணு நீ என்று கேட்டேன். அப்புறம், அப்பா இன்னா பண்றாரு? ஒன்றில்கூட நட்சத்திரம் விழவில்லை. எங்கள் ஊர்த் தமிழ் அந்த விளையாட்டுக்குத் தெரியாது. பூனை எழுந்தது, முயல் எழுந்தது, இரண்டும் ஓடிப்போயின. என் திரை கறுத்தது. உங்கள்மேல் புகார் வந்திருக்கிறது, விசாரணை முடியும்வரை கணக்கு நிறுத்தப்படுகிறது என்று ஓர் அறிவிப்பு.

விசாரிக்கப் போனவள் விசாரணையில் இருந்தேன்.

கீழே மகளின் குரல் கேட்டது. ஒரு ஒட்டகச்சிவிங்கி ஊரைக் கேட்கிறது, அப்பாவைக் கேட்கிறது என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி ஓடியபோது அக்கா டேப்லெட்டைப் பிடுங்கி, அழிக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். மகள் அழவில்லை. தப்பே செய்யாமல் தண்டனை வாங்குகிறவர்களின் முகத்தோடு நின்றாள்.

"அக்கா, அந்த ஒட்டகச்சிவிங்கி நான்தான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எதுக்குடி இவ யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேட்ட? உனக்குத் தெரியாதா?"

சும்மா விசாரித்தேன் என்றேன். அக்கா சிரிக்கத் தொடங்கி, சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை.

"வூட்டுன்னு இருந்திச்சி சித்தி. நம்ம ஊருல யாரோ எங்களத் தேடிகினு வந்துட்டாங்கன்னு நெனச்சேன். அதான் உடனே கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டேன்."

விளையாட்டு தேறவில்லை, அவள் தேறினாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஆனால் அக்காவுக்கு நேர்மையான பதில் சொல்லியாக வேண்டும். கேள்விகளை நட்சத்திரமாக்கும் அந்த வடிகட்டியை நம்ப முடியாது, நான் கேட்டதை வேறு யாரும் கேட்கலாம் என்றேன். அக்காவின் சிரிப்பு நின்றது. விரல் மறுபடி பொத்தானுக்குப் போனது.

அறிமுகமானவர்கள் மட்டும் பேசும்படி மாற்ற வழியில்லையா என்று நான் யோசனையாகக் கேட்டேன். இருக்கிறது என்றாள் மகள். செட்டிங்ஸில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம். அம்மா மெயிலில் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு பாஸ்வேர்டு மறந்துவிட்டது, அதற்காக அவள் பல தடவை கேட்டுவிட்டாளாம். நிறம் தீட்டிய என் பட்டியலில் செட்டிங்ஸ் என்று ஒரு வரிகூட இல்லை.

பாஸ்வேர்டை மாற்றுவது பெரிய பேஜாராகிவிட்டது. ஓடிபி போன எண் மாமாவுடையது. அவரோ புடவைக் கட்டோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். ஒருவழியாக அவரிடம் போனில் ஓடிபியைக் கேட்டு வாங்கிப் போட்டு, பேச்சை அறிமுகமானவர்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். அறிமுகப் பட்டியலில் வெள்ளை முயல் மட்டும் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு டேப்லெட்டை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள். பூனை பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, ஒருமுறை குதித்தது.

எச்சரிக்கையோடு என் கணக்கும் திரும்பி வந்தது. என்னையும் அறிமுகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பூனைக்கு வேண்டுகோள் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. சாப்பிடும்போது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"முயல்கிட்ட விசாரிச்சிட்டு சொல்றேன் சித்தி" என்றாள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.