தண்ணீர் குடிக்காத டீச்சர்கள்

திருச்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரே கூடத்தில் நான்கு வகுப்புகள். ஒருவர் குரலை மிஞ்சி இன்னொருவர் கத்தியாக வேண்டும். வராந்தாவில் பானை இருந்தும் பிள்ளைகள் மட்டுமே குடித்தார்கள். ஸ்ரீரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது, ஏகாதசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன விரதம் டீச்சர்?" என்று மூன்றாம் வகுப்பு கமலம் டீச்சரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "விரதம் இல்லீங்க. குடிச்சா எங்க போறது?" என்றார்.

ஆண் ஆசிரியர்கள் மதில் ஓரம் போய்வந்தார்கள். எங்களுக்கு ஒரு மறைவும் இல்லை. ரங்கூனிலிருந்து வந்த எனக்கு இது நம்பமுடியாததாக இருந்தது. அங்கே தெருமுனையில் மூடிபோட்ட பானை வைத்திருப்பார்கள், வழியில் போகிற யாரும் மொண்டு குடிக்கலாம். நான் வேலைபார்த்த தமிழ்ப் பள்ளிக்கூடம் வெறும் பலகைக் கட்டடம்தான், ஆனாலும் பின்னால் டீச்சர்களுக்கென்று ஒரு தகர அறை இருந்தது. தெருவில் பர்மியக் குழந்தைகள்கூட என்னை 'சயாமா' என்று கூப்பிடுவார்கள். டீச்சர் என்று அர்த்தம். பர்மா ராணுவ அரசு கடைகளைப் பறித்துக்கொண்டு எங்களைக் கப்பலேற்றியபோது, சொந்த நாட்டுக்குத்தானே போகிறாய் என்றார்கள். அந்தச் சொந்த நாட்டை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் ரங்கூன் மண்ணோடு கலந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பின்கட்டு அறையில் தனியாகக் குடியிருந்தேன். பகலெல்லாம் கத்திய தொண்டைக்கு அங்கே ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.

நானும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். வெயில் ஏறியதும் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டேன். தேறிப் பள்ளிக்குத் திரும்பியதும் கமலம் டீச்சரையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன்.

"சார், எங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும்."

"மழைக்குத்தானே? வராந்தா இருக்கேம்மா."

புரியாமல் சொன்னாரா, புரிந்துதான் சொன்னாரா, தெரியவில்லை. கூச்சத்தை விட்டு விளக்கினேன். அவர் மேஜையைப் பார்த்தபடி, "இத்தனை வருஷமா எந்த டீச்சரும் கேக்கலையே. நீங்க டெம்பரரிதானே?" என்றார். கமலம் டீச்சர் என்னை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். அவர் சம்பளத்தில்தான் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் எப்படியோ வெளியே போயிற்று. பள்ளிக்கு எதிர்வீட்டு மும்தாஜ் பீவி, என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா, வாசலில் நின்று, "நம்ம வீடு இருக்கு டீச்சரம்மா. கொல்லைப் பக்கமா வந்துட்டுப் போங்க" என்றார். ஊரே அந்நியமாக இருந்த எனக்கு அந்த ஒரு கதவு திறந்தது. போகத் தொடங்கினேன். டீச்சர்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். நான் நிறுத்தவில்லை. கோடை விடுமுறை விட்ட அன்று, ஜூன் மாதம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கமலம் டீச்சரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டி வச்சு மறைச்சுக் கொடுத்துட்டாங்க. இப்போ நாங்க தண்ணி குடிக்கிறோம், டீச்சர்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'நாங்க'வில் நான் இல்லை.

இப்போது உப்பிலியபுரத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஓராசிரியர் பள்ளி எனக்கு. இங்கே பேச இன்னொரு டீச்சர்கூட இல்லை. முதல் நாள் கரும்பலகையில் தேதி எழுதினேன். ரங்கூனில் தேதிக்குக் கீழே ஊர்ப்பெயரும் எழுதுவது வழக்கம். கை தானாக எழுதிவிட்டது. திடுக்கிட்டு அழிக்கப் போனேன். அதற்குள் சோளக்காட்டிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் சிலேட்டில் எழுதி என் பக்கம் உயர்த்திக் காட்டினார்கள்: ரங்கூன்.