எம்மட் வழி காட்டவில்லை

எம்மட்டைப் பற்றி எங்கள் ஊரில் நல்லவிதமாகச் சொல்கிறவர்கள் குறைவு. செயின்ட் ஆல்பன்ஸில் இருபது வருஷம் அவள் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்து குதிரைச் சேணம் தைத்தவன் நான். என்னிடமே அவள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை அன்பாகப் பேசியதில்லை. ஆனால் அவளை மாதிரி ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததுமில்லை.

மாட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தி செய்வது அவள் தொழில். கணவன் ஆஸ்பர்ட் திரி முறுக்குவான். அவள் கொப்பரை முன்னால் நிற்பாள். கொழுப்பு, அடுத்த வீட்டுக் கசாப்புக்காரன் கெர்வாஸிடமிருந்து வரும். கொல்லைப்புற வேலிக்கு மேலேயே வாளியை மாற்றிக்கொள்வார்கள். அப்படித்தான் இருந்தார்கள், சண்டை வரும்வரை.

சண்டை எங்களுடையது அல்ல. ஒரே ராஜ வம்சத்தின் இரண்டு கிளைகள், யார்க் ஒன்று, லங்காஸ்டர் ஒன்று. அவர்கள் பங்காளித் தகராறைத் தீர்த்துக்கொள்ள எங்கள் தெரு கிடைத்தது. அந்த மே மாதத்துக் காலையில் லங்காஸ்டர் ராஜாவின் ஆட்கள் தெருமுனைகளை வண்டிகளாலும் மரங்களாலும் அடைத்துவிட்டுச் சந்தைத் திடலில் நின்றார்கள். யார்க் படை ஊருக்கு வெளியே வயலில் நின்றது. தெருமுனையை உடைக்க இரண்டு தடவை வந்து, அடி வாங்கித் திரும்பியது.

அப்போதுதான் கெர்வாஸ் வேலிக் கம்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வயலைப் பார்த்துக் கையை ஆட்டி, எம்மட் வீட்டின் பின்சுவரைக் காட்டினான். “இப்படி வாங்க! இந்த வீட்டுச் சுவரு வெறும் மண்ணுதான்!” என்று கூவினான். எம்மட் கொப்பரையடியிலிருந்து ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கோடரி சுவரைப் பிளந்தது. நூறு பேருக்குமேல் அவள் வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடினார்கள். நெரிசலில் ஆஸ்பர்ட்டையும் வெளியே தள்ளிவிட்டார்கள். திடலிலிருந்து வந்த முதல் அம்பு அவன் கழுத்தில் தைத்தது; அங்கேயே விழுந்து செத்தான். அவனும் யார்க்காரன் என்று ராஜாவின் ஆள் நினைத்திருப்பான். என் ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை.

ஒரு மணி நேரத்தில் சண்டை முடிந்தது. யார்க் ஜெயித்தது. எம்மட் கெர்வாஸின் வாசலில் போய் நின்றாள்.

“வேலியப் பிடுங்குனது நீதானே?”

“நான் என்ன பண்ணுவேன் எம்மட்? வழி காட்டலைன்னா என் கொட்டகையக் கொளுத்திருப்பானுங்க.”

“காட்டுன்னு கேட்டானுங்களா?”

அவன் கதவைச் சாத்தப் பார்த்தான்.

“கேக்கவே இல்ல. நீயாத்தான் கூப்பிட்ட. உன் மருமகன் அவனுங்க சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான். அவன் முன்னாடி நீ பெரிய மனுசனாகணும். சரி, உன் வீட்டுச் சுவரும் மண்ணுதானே? அதக் காட்டுறதுக்கென்னடா?”

அதற்கு மேல் அவனோடு அவள் பேசவில்லை. வயல்வெளியில் சக்கிமுக்கிக் கல்லாகப் பொறுக்கிவந்து, கொல்லைப்புறச் சுவரைத் தன் கையாலேயே எழுப்பினாள். கொழுப்பு வாங்க ரெட்போர்ன் வரை நடந்தாள். தோளில் காவடிபோலக் கட்டை, இரண்டு பக்கமும் வாளி, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கெர்வாஸ் எதிரே வந்தால் காறித் துப்புவாள். ஒரு தடவை நான் சமாதானம் சொல்லப் போனேன்.

“வருஷம் அஞ்சாச்சு எம்மட். விட்டுத் தொலையேன்.”

“உன் வீட்டுலயா பூந்தானுங்க? போய்த் தோலத் தை.”

ஆறாம் வருஷம், தவக்காலத்துக்கு முந்தின நாள், மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஊருக்குள் இருந்தது யார்க்கின் வில்லாளிகள். வந்தது லங்காஸ்டர் ராஜாவின் மனைவி, ராணி அனுப்பிய வடக்கத்திப் படை. மத்தியானம்வரை தாக்குப்பிடித்துவிட்டு வில்லாளிகள் ஓடிவிட்டார்கள். வடக்கத்தியார்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். அதிலும் யார்க் பக்கம் நின்றவன் வீடு எது என்று விசாரித்து விசாரித்துப் போனார்கள். அப்படிப் பிடிபட்ட இரண்டு பேரை என் கண் முன்னாலேயே குத்திப் போட்டார்கள்.

கெர்வாஸ் தன் கதவில் ஆறு வருஷமாக அடித்து வைத்திருந்த யார்க் சின்னத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு எம்மட் வீட்டுக்கு ஓடிவந்தான்.

“கதவத் தெற எம்மட்! உன் கால்ல விழுறேன்!”

“விழு. தெறக்க மாட்டேன்.”

அவன் திரும்ப ஓடி, தன் வீட்டில் இறைச்சியைப் புகையில் வாட்டும் புகைக்கூண்டுக்குள் ஒளிந்துகொண்டான்.

அவளுடைய கதவை அவர்களே உடைத்தார்கள். கொள்ளையடித்த சேணங்களை என் தலையிலேயே ஏற்றி, என்னையும் கூடவே நடத்திக்கொண்டு வந்திருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது. மெழுகுவர்த்திப் பெட்டிகள், படுக்கை, குளிர்ப் போர்வை எல்லாம் வெளியே வந்தன. தலைவன் ஈட்டியை அவள் நெஞ்சில் வைத்தான்.

“இந்தத் தெருவுல யார்க்காரன் வீடு எது? காட்டு, உன் சாமான் அத்தனையும் திருப்பித் தர்றோம்.”

சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். விரலை நீட்டினால் போதும், அடுத்த வீடு.

“உங்களுக்கு வழி காட்ட நான் பொறக்கல,” என்றாள். “அன்னிக்கு அவனுங்க வந்தானுங்க, இன்னிக்கு நீங்க. ரெண்டும் ஒரே குப்பை. எடுத்தத எடுத்துக்கிட்டுப் போங்கடா.”

ஈட்டிக் கம்பால் முகத்தில் அடித்தான். மூன்று பற்கள் போயின. கெர்வாஸ் வீட்டையும் மற்ற வீடுகளைப்போல வாரிக்கொண்டு போனார்கள். புகைக்கூண்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் எங்கோ தேடிப் பிடித்த கொழுப்பு ஒரு வாளியோடு வந்து நின்றான்.

“என் உசிரக் காப்பாத்திட்ட எம்மட்.”

“உன்னயா?” வீங்கிய வாயால் அவள் சொன்னாள். “நீ செத்திருந்தா எனக்குச் சந்தோசம். உன்ன மாதிரி ஆக எனக்கு இஷ்டமில்ல, அவ்வளவுதான்.” வாளியை வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியை அவன் காலடியில் எறிந்தாள்.

அடுத்த மாதமே யார்க் பக்கத்தான் ராஜாவானான். கெர்வாஸ் புதிதாக ஒரு சின்னம் வாங்கிக் கதவில் அடித்தான். நாளடைவில் ஊரில் பெரிய மனிதனாகவும் ஆனான். எம்மட் ரெட்போர்னுக்கே நடந்தாள். ஒன்பது வருஷம் கழித்து நெஞ்சுச் சளியில் படுத்தாள். கெர்வாஸை மன்னித்தேன் என்று சொல்லும்படி பாதிரியார் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “என்ன பொம்பளையப்பா இவ!” என்று அவர் என்னிடம் சீறிவிட்டு, பிறகு சாகிறவர்களுக்குச் செய்யவேண்டிய சடங்கைச் செய்துவிட்டுப் போனார்.

அடக்கத்துக்குக் கெர்வாஸ் நல்ல கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் நான் குறுக்கே நின்று, உள்ளே வரக்கூடாது என்றேன். என்னை முறைத்தான். பிறகு போய்விட்டான்.